நல்ல படம்தான், பந்து எங்கே?

‘ஓலா போலா’வைக் குறை சொல்லிவிட்டுக் கோலாலம்பூரில் எந்த மாமாக் கடையிலும் நிம்மதியாக ஒரு தே தாரிக் குடிக்க முடியாது. “நம்ம பையன் கோல் கீப்பரா வர்றான், தமிழ் பேசறான், கடைசியில மேட்ச்சும் ஜெயிக்கிறாங்க. இதுல உனக்கு இன்னும் என்னதான் வேணும்?” என்று பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொள்வார். 2016 ஜனவரியில் வெளிவந்த மலேசியக் கால்பந்துப் படம் இது; 1980இன் தேசிய அணியை அடியொற்றியது. 2018இல் இஸ்தானா புடாயாவில் இசை நாடகமாகவும் மேடையேறியது. அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படம் மோசமில்லை. சூடாகவும் இல்லை. மேசையில் பத்து நிமிடம் கிடந்த தே மாதிரி, குடிக்கலாம்.

பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம். இயக்குநர் சியு கெங் குவான் மொழிகளைக் கையாண்ட விதத்தில் நேர்மை இருக்கிறது. கோல் கீப்பர் முத்துவின் வீட்டில் தமிழ் ஒலிக்கிறது, அணித்தலைவர் ‘தவ்கே’யின் வீட்டில் சீனம் ஒலிக்கிறது, திடலுக்கு வந்தால் மலாய். நம் ஊரில் ஒரு நாளில் காதில் விழுவதும் அப்படித்தானே. முத்துவின் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். மகன் பந்தின் பின்னால் ஓடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக் காட்சிகளில் நடிப்பு இயல்பாகவே இருக்கிறது. வர்ணனையாளர் ரஹ்மானாக வரும் பிரோண்ட் பாலாரே படத்தையே கொஞ்ச நேரம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். இப்படி எல்லா மொழியும் பேசிய குற்றத்துக்கு, அதே 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் இந்தப் படமும் ‘ஜகாட்’ என்ற மலேசியத் தமிழ்ப் படமும் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கப்பட்டு, அது பெரிய சர்ச்சையாக வெடித்தது. அந்த விவகாரத்தில் என் ஓட்டு முழுக்கப் படத்துக்குத்தான்.

சிக்கல், விசில் ஊதிய பிறகு ஆரம்பிக்கிறது.

இந்தப் படத்துக்கு அடியில் கிடக்கும் உண்மைக் கதையைப் பார்ப்போம். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான ஆசியத் தகுதிச் சுற்றின் ஒரு பிரிவு 1980இல் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா, தென்கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ் என்று ஆறு அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆடி, முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் மறுபடி மோத வேண்டும். வென்றால் இரண்டு புள்ளி; மூன்று புள்ளி முறை அப்போது வரவில்லை. பிரிவு ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 3-0 என்று வீழ்த்தியது. பிறகு ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் அதே தென்கொரியாவை 2-1 என்று மறுபடி வென்றது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த அணி எங்கிருந்தோ முளைத்த ஏழைப் பிள்ளைகளின் கூட்டமல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடி, அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்திருந்தது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். மெர்டேக்கா கிண்ணம் 1973, 1974, 1976, 1979 என்று நான்கு முறை வீட்டுக்கு வந்திருந்தது. அப்போதைய தென்கொரியாவுக்கு இந்த அணியைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்காது.

படம் பிடித்துக்கொள்ளும் கதை வேறு. தடுமாறும் அணி, வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்சியாளர் ஹேரி மவுண்டன், உள்ளுக்குள் சண்டை, சமரசம், எழுச்சி. எந்த நாட்டு விளையாட்டுப் படத்துக்கும் பொருந்தும் சட்டை இது. உண்மைக் கதையில் இருந்த முடிச்சு இதைவிடக் கெட்டியானது. 3-0 என்று அடித்த ஓர் அணியைச் சில நாள் இடைவெளியில் மறுபடி அடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எந்தப் பக்கம் ஓட்டை என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது; அடைத்துக்கொண்டுதான் வருவார்கள். பக்கவாட்டில் ஓடும் வேகமான விங்கருக்கு இப்போது இரண்டு பேர் காவல் நிற்பார்கள். ஒரு முறை வேலை செய்த வழி மறுமுறை செய்யாது. உடைமாற்றும் அறையில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். ஆனால் படத்தின் அறையில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முத்துவுக்கு வருகிறேன். பாத்திரத்தின் பெயர் கற்பனை. அந்த அணியில் கோலுக்கு நின்றவர் ஆர். ஆறுமுகம், நீளமான கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடு முழுக்க அழைக்கப்பட்டவர். படத்தில் முத்து பாய்கிறான், தட்டுகிறான், விழுகிறான், எழுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீப்பரின் வேலையில் பாய்ச்சல் என்பது மற்றதெல்லாம் கைகொடுக்காதபோது கடைசியாகச் செய்வது.

கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எதிரணி ஆள் பந்தோடு நேர் எதிரே 11 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். கீப்பர் கோட்டிலேயே நின்றால் முழு 7.32 மீட்டருக்கும் அவர்தான் பொறுப்பு. மூன்று மீட்டர் முன்னால் வந்து நின்றால், பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் போகும் கோடுகளுக்கு நடுவே அவர் அடைக்க வேண்டிய அகலம் ஏறக்குறைய 5.3 மீட்டராகச் சுருங்கிவிடும். இரண்டு மீட்டரை ஓடியே சம்பாதித்துவிட்டார். இன்னும் முன்னால் வந்தால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதுவும் கணக்கில் இருக்க வேண்டும். முக்கியமாக, உதை விழும் நொடியில் அவர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு காலும் தரையில், தோள் அகலத்தில், உடல் எடை பாதத்தின் முன்பக்கம், கைகள் இடுப்புக்குச் சற்று மேலே திறந்தபடி நிற்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மிச்சமுள்ள எட்டு மீட்டரைக் கடக்க 0.36 நொடி போதும். அந்த நேரத்துக்குள் ஒரு காலைத் தரையில் ஊன்றி மறுபடி கிளம்ப முடியாது. ஓட்டத்தில் இருக்கும் கீப்பரின் காலுக்குப் பக்கத்திலேயே மெதுவான பந்து நுழைந்து கோலாவது இதனால்தான். பாடாங்கில் வெளியே நிற்பவர்கள் “ஐயோ, கைக்கிட்ட வந்த பந்தை விட்டுட்டான்” என்பார்கள். அவன் விட்டது ஒரு நொடி முன்னால், காலில்.

கீப்பர் முன்னால் வரும் இந்த மூன்று மீட்டரைக் காட்டிய விளையாட்டுப் படங்கள் குறைவு. ‘ஓலா போலா’வும் காட்டவில்லை.

இன்னொன்று, பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்து. ஆறுமுகத்தின் கைகள் பேர் வாங்கியதே இந்த மாதிரிப் பந்துகளுக்காகத்தான் இருக்க வேண்டும். பந்து வரும் பக்கத்திலிருந்து பார்த்தால், கீப்பர் கோலின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி, உடம்பைத் திடலின் பக்கம் பாதி திறந்தபடி நிற்பார். பந்து காலை விட்டதும் ஓடக் கூடாது; அது எங்கே இறங்கப் போகிறது என்று தெரிந்த பிறகே கிளம்ப வேண்டும். தாமதமாகக் கிளம்பி வேகமாகப் போவதுதான் கலை. சீக்கிரம் கிளம்பியவர் பாதி வழியில் நின்று தலைக்கு மேல் போகும் பந்தை அண்ணாந்து பார்ப்பார். ஒரு காலில் எம்பும்போது மறு முழங்காலை உயர்த்த வேண்டும். உயரமும் கிடைக்கும், இடிக்க வரும் ஆளுக்கும் ஒரு தடுப்பு. கட்டை விரல்கள் இரண்டும் நெருங்கி, விரல்கள் விரிந்து, பந்தின் பின்பக்கம் கை இருக்க வேண்டும். எம்பலின் உச்சியில் பிடித்து உடனே நெஞ்சோடு அணைத்துவிட வேண்டும்.

நம் ஊரின் மாலை மழையை இதோடு சேர்த்துப் பாருங்கள். அன்றைய விதிப்படி பந்தின் எடை ஆட்டம் தொடங்கும்போது 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது 396 முதல் 453 கிராம். தோல் பந்து, நனைந்தால் எடை கூடும், வழுக்கவும் செய்யும். அப்போது பிடிக்க ஆசைப்படக் கூடாது. இரண்டு முட்டிகளையும் சேர்த்து, பந்தின் அடிப்பாதியில் குத்தி, பக்கவாட்டுக் கோட்டை நோக்கி அனுப்ப வேண்டும். நடுவில் குத்தினால் பந்து பெனால்டி பெட்டிக்கு வெளியே காத்திருக்கும் எதிரணி ஆளின் காலில் விழும். பிடிப்பதா குத்துவதா என்ற முடிவைக் காற்றில் இருக்கும்போது எடுக்க முடியாது, கிளம்பும்போதே எடுத்தாக வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்றும் செய்ய வேண்டும். கத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் படத்தின் மீது எனக்கு உண்மையான வருத்தம். அந்த அணியின் பின்வரிசையில் சோ சின் ஆன் இருந்தார். படத்தில் வரும் ‘தவ்கே’ என்ற பட்டப்பெயரே அவருடையதுதான். பக்கத்தில் சந்தோக் சிங். பின்னால் ஆறுமுகம். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். பந்து காற்றில் இருக்கும்போது மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி ஒரே இடத்துக்கு ஓடி வருகிறார்கள். யார் பந்து? “கீப்பர்!” என்று ஒரு குரல் வந்தால் மற்ற இருவரும் எம்பாமல் விலகி, கோட்டுக்கு ஓடிப் பின்னால் காவல் நிற்க வேண்டும். குரல் வராவிட்டால் அடித்து வெளியே தள்ள வேண்டும். குரல் அரை நொடி தாமதமாக வந்தால் நம் ஆளும் நம் ஆளும் மோதி, பந்து காலி கோலுக்கு முன்னால் உருளும். “லெப்பாஸ்” என்றால் விட்டுவிடு. “பெலாகாங்” என்றால் உன் முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான். இன்றைக்கும் இங்குள்ள திடல்களில் காதில் விழும் கத்தல்கள் இவைதான், கீப்பர் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு குரலை நம்பி, தன்னால் எட்டக்கூடிய பந்தை ஒருவர் விட்டுக்கொடுக்கிறாரே, இந்தப் படம் இரண்டு மணி நேரம் வசனத்தில் சொல்ல முயல்வது அதைத்தான். ஒரே ஒரு கார்னர் பந்தில் காட்டியிருக்கலாம்.

எப்படிக் காட்டுவது? இதற்குப் பெரிய பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். வழக்கமான முறையில் ஒரு கோல் தடுப்பு மூன்று துண்டுகளாக எடுக்கப்படும்: உதைக்கும் கால், காற்றில் மிதக்கும் கீப்பர், எழுந்து நிற்கும் கூட்டம். மூன்றையும் வெவ்வேறு நாளில் எடுக்கலாம். உதைப்பவர் நன்றாக உதைக்க வேண்டியதில்லை, கீப்பர் உண்மையில் பிடிக்க வேண்டியதில்லை. ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பந்துக்கும் கீப்பருக்கும் நடுவில் இருக்கும் தூரம் இந்த மூன்றிலும் இல்லை. தூரம் தெரியாதபோது ஆபத்தும் தெரியாது. நாம் பயப்படுவதற்குப் பதிலாகக் காத்திருக்கிறோம், இசை எப்போது மாறும் என்று.

மாற்று வழி பழையது. கோலின் பின்னால், வலைக்குச் சற்று ஒருபக்கமாக, இரண்டரை மூன்று மீட்டர் உயர மேடையில் கேமராவை வைத்து அகல லென்ஸ் போட வேண்டும். உதைப்பவர், தடுப்பவர்கள், பந்து, கீப்பரின் முதுகு எல்லாம் ஒரே சட்டகத்தில். உதைப்பவர் நடிகராக இருக்கக் கூடாது, குறித்த மூலைக்கு உதைக்கத் தெரிந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டும். இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு: பந்து எந்த மூலைக்கு வரும் என்று கீப்பராக நடிப்பவருக்கு முன்பே தெரியும், அதனால் உதை விழுவதற்கு முன்பே அவர் தோள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ பொய் என்று உள்ளுக்குள் தட்டும். இதற்கு மருந்து, மூலையை உதைப்பவர் காதில் மட்டும் சொல்வது. பாதி டேக்குகள் கோலாகும், ஆகட்டும். விழும் விதமும் அப்படித்தான். வயிற்றிலோ முழங்கையிலோ விழுபவர் கீப்பர் இல்லை. பக்கவாட்டில், இடுப்பு, விலா, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கையில் பந்திருந்தால் அதுவும் தரையில் ஊன்றும்.

மெதுவோட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு. நொடிக்கு 96 சட்டகம் எடுத்து 24இல் ஓட்டினால் நேரம் நான்கு மடங்காகும். மேலே சொன்ன 0.36 நொடி கிட்டத்தட்ட ஒன்றரை நொடியாக நீளும். அவ்வளவு நேரம் கிடைத்தால் திரையரங்கில் பாப்கார்ன் தின்னும் பிள்ளைகூட அந்தப் பந்தைப் பிடித்துவிடும். கீப்பரின் அவசரம்தான் காட்சியின் உயிர், மெதுவோட்டம் முதலில் கொல்வதும் அதையே.

(விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஒரு சின்னச் சோதனை: நான்கு மூலைக் கோபுர விளக்குகளின் கீழ் ஆடும் ஒருவருக்கு நான்கு மங்கலான நிழல்கள் விழும். இனி எந்த விளையாட்டுப் படத்தையும் பார்க்கும்போது காலடியைப் பாருங்கள். ஒரே ஒரு கரிய நிழல் இருந்தால் விளக்கு எங்கோ பக்கத்தில்தான் நிற்கிறது.)

1980இன் விதிகளும் கைதொடாமல் கிடக்கும் புதையல். அப்போது சக ஆட்டக்காரர் காலால் பின்னுக்குத் தள்ளிய பந்தைக் கீப்பர் கையால் எடுக்கலாம். 1992இல்தான் அது தடை செய்யப்பட்டது. ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. 2-1 என்று முன்னிலையில், கடைசி நிமிடங்களில், தவ்கே பந்தைப் பின்னுக்குத் தள்ள, கீப்பர் குனிந்து மெதுவாக எடுத்து, நாலாபுறமும் பார்த்து, தன் நான்கு எட்டையும் எண்ணிக்கொண்டே நேரத்தைத் தின்பதை நினைத்துப் பாருங்கள். எதிரணி ஓடி வருகிறது, கூட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. ஒரு பாய்ச்சலும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கோல் போட்டவர்கள் பக்கமும் இதே கதைதான். வெற்றிக் கோல் இரண்டு சபாக்காரர்களின் வேலை. வேகத்துக்காக ‘லிப்பாஸ் கூடோங்’ என்று பெயரெடுத்த ஹசான் சானி ஓடிக் கொடுத்தார், ஜேம்ஸ் வோங் முடித்தார். ஒரே மாநில அணியில் சேர்ந்து ஆடிப் பழகிய இருவர், ஒருவர் தலை நிமிராமலே மற்றவர் எங்கிருப்பார் என்று தெரிந்தவர்கள். பெயர்களை மாற்றி, பாத்திரங்களைக் கலந்து செய்த படத்தில் அந்த ஜோடி மையத்தில் இல்லை. கற்பனைக்கு அந்த உரிமை உண்டுதான். ஆனால் இருந்ததைவிட நல்லதாக ஒன்றைக் கற்பனை செய்திருக்க வேண்டும் அல்லவா?

திடலில் கேமரா செய்யாததையெல்லாம் ரஹ்மானின் வர்ணனை செய்கிறது. யார் பந்து, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரம் மிச்சம் எல்லாம் அவர் வாயிலிருந்தே நமக்குத் தெரிகிறது. பாத்திரம் புகழ்பெற்ற வர்ணனையாளர் ரஹிம் ரசாலியை நினைவூட்டுகிறது, பாலாரேயின் தொண்டையில் அந்தக் காலத்து வானொலியின் சூடும் இருக்கிறது. வானொலிக்கு அது சரி, அங்கே பார்க்க வழியில்லை. வீட்டில் இந்தப் படத்தைப் போடுகிறவர்கள் கடைசி ஆட்டத்துக்கு ஒலியை மட்டும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். எந்த அணி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று எத்தனை நிமிடம் சொல்ல முடிகிறது என்று பாருங்கள்.

லண்டனுக்குப் போகத் துடிக்கும் மரியான் என்ற தொலைக்காட்சிப் பெண்ணை வைத்து இந்தக் காலத்தில் தொடங்கும் சட்டகக் கதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவள் வரும்போதெல்லாம் திடலிலிருந்து நாம் வெளியேற்றப்படுகிறோம்.

படத்தின் உச்சம் அந்த வெற்றி. உண்மையில் அதற்குப் பிறகுதான் கதை கனக்கிறது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் பிரதமர் ஹுசேன் ஓன் தலைமையிலான மலேசியாவும் சேர்ந்தது. வென்ற இடத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. தோற்ற தென்கொரியாவும் போகவில்லை. மலேசியாவுக்குப் பதிலாக ஈராக் மாஸ்கோவுக்குப் போனது. கோஸ்டா ரிக்காவை 3-0 என்று வென்றது, பின்லாந்தோடும் யுகோஸ்லாவியாவோடும் சமன் செய்தது, காலிறுதி வரை ஏறி அங்கே கிழக்கு ஜெர்மனியிடம் 4-0 என்று தோற்றது. நம் இடத்தில் வேறொருவர் ஆடிய அந்த நான்கு ஆட்டங்களை, மெர்டேக்கா அரங்கில் வென்ற பதினொரு பேரும் எப்படிக் கேட்டிருப்பார்கள்? அதற்கு ஓர் அறை, ஒரு வானொலி, மூன்று ஆள் போதும்; விளையாட்டுக் காட்சியே தேவையில்லை.

ஆறுமுகம் பிறந்தது 1953 ஜனவரியில். மாஸ்கோவில் பந்து உருண்ட அந்த ஜூலையில் அவருக்கு வயது 27. கீப்பர்களுக்கு அது இளமை, இன்னும் பத்து வருஷம் ஆடலாம். 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார், 35 வயதில். அவரை நேரில் பார்க்காத தலைமுறைக்கு அவர் இனி முத்துதான். அவர் கோலை விட்டு எத்தனை எட்டு முன்னால் வந்து நிற்பார் என்று அவர்கள் கேட்டால், இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிப் பயனில்லை.